சாதாரணத் தரை

ரசமட்டம் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்தவர் அல்ல. அவரால் விளைந்த அனர்த்தங்கள் அத்தனையும் நல்லெண்ணத்தில் பிறந்தவை. அதனாலேயே அவரைத் திட்டுவது வீட்டில் உள்ளவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அன்று விடிந்தும் விடியாததுமாக, மனைவியின் குதிகாலுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்களும் நீட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தப் பாதங்கள் படுத்தும் பாட்டை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் "ஸ்ஸ்" என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, சுடுமணலில் நடப்பவள் போலக் குதியைத் தூக்கித் தூக்கிப் போவாள். "ராணியம்மாவுக்குப் பல்லக்கு இன்னும் வரலியா?" என்று அவர் கேட்பார். அன்றைக்குத்தான் அவருக்கே அந்த நகைச்சுவை புளித்துப்போய், எண்ணெயைச் சூடாக்கினார்.

தாராளமாகத்தான் தேய்த்தார். துடைத்துவிட வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. மற்றவர்களுக்குத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் தரையைக் கண்ணாடி மாதிரி பதித்து வைத்தவர் அவரேதான்.

அவள் எழுந்தாள். எண்ணெய்க் குதி தரையில் பட்டது. "ஐயோ" என்ற சத்தம் அறையின் இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடியில் முடிந்தது. போகிற போக்கில் அவள் கைக்குக் கிடைத்தது துணி அடுக்கும் ஸ்டாண்டு. அதில் மாடி வீட்டு அம்மாவின் திரைச்சீலைகள் முந்தின நாள் தேய்த்து மடித்து வைத்தபடி இருந்தன. ஸ்டாண்டு சாய்ந்தது, துணிக்குத் தெளிக்கிற தண்ணீர் வாளி கவிழ்ந்தது. கடைசியில் நனைந்த திரைச்சீலைகளுக்கு நடுவே, நாடகம் முடிந்து திரை அறுந்து விழுந்த மேடையில் மிஞ்சிப்போன ஒரே நடிகை மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ரசமட்டம் சொன்னது இதுதான்:

"பாத்தியா, வாளித் தண்ணி ஒரு பக்கமா ஓடவே இல்ல. அப்படியே நிக்குது. அதான் மட்டம்!"

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அடி பட்டுதா?"

"ஒண்ணுமில்ல."

"கால் வலிக்குதா?"

"ஒண்ணுமில்லன்னேன்ல. துணியத் தூக்குங்க முதல்ல."

எந்தக் கேள்விக்கும் அவளிடம் தயாராக இருக்கும் பதில் அது. உடம்பு சுட்டாலும் ஒண்ணுமில்ல, கண் கலங்கியிருந்தாலும் ஒண்ணுமில்ல. ரசமட்டம் தன் வேலைப் பையிலிருந்து முட்டிப் பட்டைகளை எடுத்து, அவள் காலுக்கு அடியில் மெத்தையாக வைத்தார். டைல்ஸ் வேலைக்காரர்கள் நாள் முழுக்க மண்டியிட்டு நகர்கிறவர்கள். முட்டி கெட்டால் பிழைப்பே போச்சு. அதற்காகத் தடித்த ஸ்பாஞ்சை ரப்பரில் ஒட்டி, பட்டை வைத்து அவரே செய்துகொண்டவை அவை.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் வேலையால்தான். தரை சாய்கிறதா என்று காட்டும், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் ரசமட்டக் கட்டை சட்டைப் பையில் பேனா இருப்பது போல எப்போதும் அவரிடம் இருக்கும். ஓட்டலுக்குப் போனால் மேஜையில் வைத்துப் பார்ப்பார். பெண் பார்க்கப் போனபோது மாமனார் வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்துப் பார்த்து, "அரை நூல் சாயுது" என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் மறுத்ததில்லை.

அந்த முன்னறையின் தரைதான் அவருடைய வாழ்நாள் சாதனை. அதற்கு முன்பு அவள் தெருமுனையில், ஒரு மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத்தான் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே மண்தரை. தூறினால் துணியை அள்ளிக்கொண்டு ஓடி வர வேண்டும். "உனக்கு உள்ளயே ஒரு இடம் பண்ணித் தரேன்" என்று ரசமட்டம் வருஷக்கணக்காகச் சொல்லி, கடைசியில் செய்தும் விட்டார். அவர் வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய துண்டுகள்தான் டைல்ஸ். ஒரு வங்கியின் சாம்பல் நிறம், ஒரு குளியலறையின் கடல் நீலம், யாரோ பணக்காரர் பிடிக்கவில்லை என்று தூக்கிப்போட்ட பளிங்கு. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, சரியாக இஸ்திரி மேஜை நிற்கிற இடத்தில் ஒரு பெரிய பூவாக விரித்திருந்தார். அவள் நிற்கிற இடம் பூவின் நடு. இடுக்குகளுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு.

வெள்ளைப் பூச்சைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம் வந்தது: செருப்பு வாசலோடு சரி. மாடி வீட்டு அம்மாவுக்கும் அதுதான், மச்சினனுக்கும் அதுதான். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் ஷூ கழற்ற மறுத்ததால், சிலிண்டரை ரசமட்டமே இடுப்பு ஒடிய உள்ளே தூக்கிக்கொண்டு போனார். அவ்வளவு கட்டுக்காவலையும் மீறி, மழைக்கு முன்பு சில நாட்கள் மேஜைக்கு அருகே மங்கலாக ரப்பர்த் தடம் தெரிந்தது. ரசமட்டம் குப்புறப் படுத்துத் துப்பறிந்து, அது மாடி வீட்டு அம்மாவின் வேலைதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

அந்த மாடி வீட்டு அம்மா இப்போது வாசலில் வந்து நின்றாள். நனைந்த திரைச்சீலைகளைப் பார்த்தாள், தரையில் இருந்தவளைப் பார்த்தாள், செருப்பை ஒழுங்காகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னம்மா, மறுபடி அந்தக் குதிகாலா? நான்தான் சொன்னேனே, அது எலும்பு வளர்றது. எங்க நாத்தனாருக்கு முள்ளு மாதிரி வளந்துது."

"முள்ளெல்லாம் இல்லங்க," என்றாள் அவள். "இன்னிக்குள்ள மறுபடி தேச்சுத் தந்துடறேன்."

"திரைய விடு. அந்த லாட்ஜுக்காரங்களுக்கு என்ன சொல்லப் போற? இந்தக் காலோட அவ்ளோ படுக்கை விரிப்பையும் நின்னு தேய்ப்பியா?"

அவள் நனைந்த திரை ஒன்றை எடுத்துப் பிழிந்தாள். பெரிய லாட்ஜ் ஒன்று தன் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மொத்தமாக அவளிடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மரத்தடியில் நின்ற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. முடியுமா முடியாதா என்று அன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். தினமும் அந்த மேஜையின் முன் இப்போது நிற்பதைவிட இரண்டு பங்கு நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம்," என்றார் ரசமட்டம்.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை இருக்கே. மழை விட்டு இப்பதான் கூப்பிட்டிருக்காங்க."

"அவங்க தரை எங்கயும் ஓடிடாது. தரையோட நல்ல குணமே அதானே."

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. காத்திருந்த நேரத்தில் ரசமட்டம் கிளினிக் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டைல்ஸுக்கு அடியில் கலவை சரியாகப் பிடித்திருந்தால் ஒரு சத்தம், உள்ளே காலியாகப் பொள்ளலாக இருந்தால் வேறு சத்தம். "மூணாவது நாற்காலிக்குக் கீழ பொள்ளல்," என்று பக்கத்தில் இருந்த நோயாளியிடம் தகவல் சொன்னார். அவர் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தார்.

உள்ளே டாக்டரும் ஏறக்குறைய அதையே செய்தார். அவள் பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திக்கொண்டு வந்தார். குதியின் உள்பக்கத்தில் ஓர் இடத்தில் அழுத்தியதும் அவள் நாற்காலியோடு எகிறினாள்.

"இங்கதானே?"

"அங்கயேதாங்க!"

"காலைல முதல் அடி வைக்கும்போது?"

"ஆணிய மிதிச்ச மாதிரி இருக்குங்க. கொஞ்சம் நடந்தா விட்டுரும். மறுபடி உக்காந்து எந்திரிச்சா திரும்ப வந்துரும்."

"குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் அடியில ஒரு பட்டை மாதிரி ஓடுதும்மா. ராத்திரி பூரா சுருங்கிக் கிடக்கும். எந்திரிச்சு மிதிச்சதும் வெடுக்குன்னு இழுபடும். அந்த வலிதான் இது. ரொம்பப் பேருக்கு வர்றதுதான், பயப்பட வேண்டாம்."

"எதனால வருது டாக்டர்?" என்றார் ரசமட்டம். "கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்கு இது கிடையாது."

டாக்டர் சிரித்தார். "அந்தக் காரணத்த எங்க புஸ்தகத்துல போடலீங்க. நின்னுக்கிட்டே செய்யற வேலை, தேஞ்சு போன செருப்பு, எடை கூடறது, கெண்டைச் சதை இறுகிப்போறது... ஆளுக்கு ஒண்ணு. சில பேருக்கு ரெண்டு மூணு சேந்து வரும்."

"எலும்பு வளந்திருக்குன்னு மாடி வீட்டுல..."

"வளந்திருந்தாலும் அதனாலதான் வலின்னு சொல்லிட முடியாது. வளந்த எலும்போட வலியே இல்லாம ஓடியாடறவங்க நிறைய பேர் இருக்காங்க." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா வேலை செய்யறீங்க?"

"துணி தேய்க்கிறேங்க. வீட்டுலயேதான்."

"நின்னுக்கிட்டு. வெறுங்காலோடயா?"

அவள் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். "வீட்டுக்குள்ளதானே."

"தரை எப்படி?"

ரசமட்டம் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். வங்கிச் சாம்பலில் ஆரம்பிப்பதா, பளிங்கில் ஆரம்பிப்பதா என்று அவர் யோசித்த அந்த நொடியில் அவள் முந்திக்கொண்டாள்.

"சாதாரணத் தரைதாங்க."

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஏறியது. சுவரில் கையை ஊன்றிக் கெண்டைச் சதையை நீட்டச் சொன்னார். பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிப் பாதத்துக்கு அடியில் உருட்டச் சொன்னார். நடுநடுவே உட்கார வேண்டும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட வேண்டும், வெறுங்காலோடு கெட்டித் தரையில் நிற்கவே கூடாது. உடனே குறையாது, விடாமல் செய்தால் சரியாகிவிடும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரசமட்டம் பேசவில்லை. அது அதிசயம்.

"என்னங்க, வாய் மூடியே இருக்கு?"

"சாதாரண வாய்தானே. திறந்தா என்ன, மூடினா என்ன?"

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே நடந்தாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். புது வீடு ஒன்றின் சமையலறை. கலவை குழைத்து, நூல் கட்டி, பையைத் திறந்தால் முட்டிப் பட்டைகள் இல்லை. காலையில் அவள் காலுக்கு வைத்தவை அங்கேயே கிடக்கின்றன. போகட்டும், ஒரு நாள்தானே என்று வெறும் முட்டியோடு மண்டியிட்டார்.

மனம் முழுக்கப் பொருமல். சாதாரணத் தரையாம். ஊர் ஊராகப் பொறுக்கின துண்டு. அந்தப் பூவின் ஒரு இதழை வளைத்து வெட்டுவதற்குள் எத்தனை டைல்ஸ் உடைந்திருக்கும்! யார் வந்தாலும் வாயைப் பிளக்கிறார்கள். கட்டினவளுக்கு மட்டும் சாதாரணம்.

முதல் வரிசை முடிவதற்குள் முட்டி முணுமுணுத்தது. இரண்டாவது வரிசையில் வாய்விட்டே கத்தியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். துணியை மடித்து வைத்துப் பார்த்தார். அது நழுவிக்கொண்டே போனது. மதியம் டீயும் பன்னும் வந்தபோது எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. எழுந்ததும் வாயிலிருந்து "ஸ்ஸ்" என்று வந்தது.

அந்த "ஸ்ஸ்" அவருக்குப் பழக்கமான சத்தம்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்கத் தரை போடுகிற ஆள், ஒருநாள் கூடத் தன் முட்டியைத் தரையில் பட விட்டதில்லை. அவ்வளவு விவரம். அந்த விவரமான ஆள் ஒருத்தியைத் தன் தரையின் நட்டநடுவில், வெறுங்காலோடு, காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நிற்க வைத்திருக்கிறார். அதற்கு மேல் சட்டம் வேறு.

"பொள்ளல்," என்று ரசமட்டம் தன் மண்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டார்.

சாயங்காலம் நேராக மச்சினன் வேலை செய்யும் செருப்புக் கடைக்குப் போனார். அவன் கடைவாசலில் நின்று மழைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. என்ன, நொண்டறீங்க? அக்கா காலு உங்களுக்கு ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டிக்கிச்சு மாப்ள. உங்கக்காவுக்கு மெத்து மெத்துன்னு ஒரு செருப்பு எடு. வீட்டுக்குள்ள போடறதுக்கு."

தண்ணீர் தள்ளுவதை அவன் நிறுத்திவிட்டான். "வீட்டுக்குள்ளயா? உங்க தரை மேலயா? உடம்பு கிடம்பு சரியில்லையா மாமா?"

"எடுடான்னா."

"அக்காதான் அப்பவே வாங்கிட்டுப் போச்சே! மழைக்கு முன்னாடி. நீல கலர், அடியில நல்ல தடிமன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "போச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு."

"எங்க வெச்சிருக்கா?"

"எனக்கென்ன தெரியும். நீங்க வேலைக்குப் போனதும் போட்டுக்குமாம். நீங்க வர்றதுக்குள்ள கழட்டிட்டுத் தரையத் துடைச்சிருமாம். வலி கொஞ்சம் விட்டிருக்குன்னுகூட சொல்லிச்சு. அப்புறம் மழை வந்துருச்சு, உங்களுக்கு வேலை இல்ல, நீங்க வீட்டோட உக்காந்துட்டீங்க. அக்காவும் வெறுங்காலாயிருச்சு."

ரசமட்டத்துக்கு ரப்பர்த் தடங்கள் ஞாபகம் வந்தன. குப்புறப் படுத்து அவர் துப்பறிந்தபோது, அவள் மேஜைக்கு முன்னால் நின்று ஒரு சட்டைக் காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை நாட்களில் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளுக்குத் துணையாக இருப்பதாக நினைத்து, பல்லக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கடையில தடியா ரப்பர் விரிப்பு இருக்கா? ஆள் நிக்கிற மாதிரி அகலமா."

"இருக்கு. பாக்க நல்லா இருக்காது மாமா. கறுப்பு."

"பரவால்ல. சாதாரணத் தரைதானே."

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே இஸ்திரிப் பெட்டியின் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினார். அவள் மேஜைக்குப் பின்னால் நின்று மாடி வீட்டுத் திரைச்சீலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படியே இருந்தது. கால் மட்டும் எதையோ துணிக்கூடைக்குப் பின்னால் நைசாகத் தள்ளியது. நீலமாக ஒரு முனை தெரிந்து மறைந்தது.

ரசமட்டம் சிமென்ட் அப்பிய செருப்போடு உள்ளே நடந்தார்.

"என்னங்க! செருப்பு! செருப்பு!" அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தரைத் துணியை எடுத்தாள். "உங்களுக்கு என்ன ஆச்சு? வெள்ளையெல்லாம் போயிரும்!"

"போகட்டும். கொஞ்சம் நகரு."

அவள் நகர்ந்தாள். அவர் ஒரு "ஸ்ஸ்" போட்டுக்கொண்டு மண்டியிட்டு, கறுப்பு விரிப்பைப் பூவின் மேல் பரப்பினார். வங்கியின் சாம்பலும் கடல் நீலமும் பளிங்கும் ஒவ்வொன்றாக மறைந்தன. ஓரத்தில் நாலைந்து இதழ்களின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. விரிப்பு நேராக இருக்கிறதா என்று மட்டம் பார்க்கச் சட்டைப் பைக்குக் கை போனது. போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு கூடைக்குப் பின்னால் கையை விட்டு நீலச் செருப்பை எடுத்து, விரிப்பின் மேல் ஜோடியாக வைத்தார்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எந்தப் பய சொன்னான்? என் தம்பியா?"

"அவன வுடு. போட்டு நில்லு."

போட்டு நின்றாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்று பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"ம்ம்."

"ராணியம்மாவுக்குப்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். தரையிலேயே உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வேடிக்கை இல்லாமல் ஒரு வாக்கியம் பேசுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. தெரியாத வீட்டில் விளக்கு சுவிட்சைத் தேடுகிற மாதிரி தடவித் தடவிப் பேசினார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிக்க வைப்பீங்க. நானும் சிரிச்சுருவேன். அத்தோட போயிரும்." அவள் திரைச்சீலையை மடிக்கத் தொடங்கினாள். "அதுவும் இல்லாம, தரை போட்ட நாள்லதான் நீங்க ஒரு ஜோக்கும் சொல்லாம இருந்தீங்க. ராவும் பகலும் வாய் பேசாம, நாக்க லேசா வெளிய நீட்டிக்கிட்டு வெட்டினீங்க, ஒட்டினீங்க. உங்களை நான் அப்படிப் பாத்ததே இல்ல. அதுக்கு மேல செருப்போட நிக்க எனக்கு மனசு வரல."

"நாக்க நீட்டிக்கிட்டா?"

"பல்லி மாதிரி."

ரசமட்டம் சிரிக்கவில்லை. விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டுக்கொண்டார்.

"லாட்ஜுக்கு என்ன சொன்ன?"

"தலையணை உறைய மட்டும் இப்ப எடுத்துக்கறேன்னு சொன்னேன். அத உக்காந்தே தேச்சிரலாம். விரிப்ப அடுத்த மாசம் பாப்போம்னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டாங்க."

"உயரமா ஒரு ஸ்டூல் அடிச்சுத் தரேன்."

"நாலு காலும் ஒரே மட்டமா இருக்குமில்ல?"

இந்தத் தடவை கேலி அவளுடையது. அவர் தலையை ஆட்டினார். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மரத்தடியாக இருந்திருந்தால் இந்நேரம் துணியை அள்ளிக்கொண்டு ஓடியிருப்பாள். வாசல் வரைக்கும் அவருடைய சிமென்ட்டுத் தடங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் துடைக்கவில்லை.

தரை போட்டு முடித்த நாளிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. மாடி வீட்டு அம்மாவிடம் கேட்டார், மச்சினனிடம் கேட்டார், சிலிண்டர் கொண்டு வந்தவரிடம்கூடக் கேட்டார். அவளிடம் மட்டும் கேட்டதில்லை. பதில் தெரியும் என்று நினைத்திருந்தார். இன்று காலையிலிருந்து அது தெரியவில்லை.

"உனக்கு இந்தத் தரை புடிச்சிருக்கா?"

அவள் மடித்த திரைச்சீலையை மேஜையில் வைத்தாள். விரிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்த ஒரு கடல் நீல இதழை நீலச் செருப்பின் நுனியால் மெல்லத் தொட்டாள்.

"ரொம்பப் புடிச்சிருக்குங்க," என்றாள். "நிக்கத்தான் முடியல."